அதானா ‘பாக்தாத் ரயில்’ ஒருநாள் சுற்றுலா: பாலத்துக்கு முழு மதிப்பெண், கதைக்குப் பாதி

துருக்கியின் தெற்கே உள்ள அதானா நகரத்திலிருந்து காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு, டாரஸ் மலைக்குள், முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மானியர்கள் பாக்தாதை நோக்கிப் போடத் தொடங்கிய பழைய பாக்தாத் ரயில் பாதையின் முக்கியமான இடங்களைக் காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும் ஒருநாள் சுற்றுலாவுக்கு நானும் என் மனைவியும் சென்ற மே மாதம் போய்வந்தோம். நடத்துகிறவர்கள் ஒரு சிறிய நிறுவனத்தார். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரைத் தவிர்த்துவிடுகிறேன். அவர்களுடைய விளம்பரத்தின் முதல் வரியே ‘முதல் உலகப் போரை மூட்டிய ரயில்’ என்பதுதான். ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பாதையின் வரலாற்றையும் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். ஆகவே பாலத்தைப் பார்க்கும் ஆசை பாதியும், அந்த முதல் வரியோடு சண்டை போடும் ஆசை பாதியுமாகத்தான் பணம் கட்டினேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலமும் மலையும் காட்டப்பட்ட விதத்தில் எனக்குப் பெரிய மனக்குறை எதுவும் இல்லை. வண்டி நேரத்துக்கு வந்தது, ஓட்டுநர் மலைப்பாதையில் நிதானமாக ஓட்டினார், எங்கும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பாதை ஏன் அந்த மலைக்குள் போகிறது என்ற கேள்விக்கு வழிகாட்டியிடமும் அவர்கள் கொடுத்த கையேட்டிலும் கிடைத்த பதில் பாதிப் பதில்தான். கட்டணம் அந்த ஊரில் ஒரு நல்ல ஹோட்டலில் இரண்டு இரவு தங்கும் தொகைக்குச் சமம் என்பதால், மீதிப் பாதியையும் எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

பதினோரு பேர் ஏறிய சிற்றுந்தில் குளிர்சாதனம் நன்றாக வேலை செய்தது. ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் வழிகாட்டியின் குரலைக் கேட்க ஒரு காதொலிக் கருவியும் கொடுத்தார்கள். என்னுடைய கருவி அரை மணி நேரத்தில் உயிரை விட்டது. கேட்டதும் வேறொன்று தந்தார்கள். முதல் நிறுத்தம் அதானா ரயில் நிலையம். 1912-இல் கட்டிய கட்டடம். ஓடு வேய்ந்த கூரையும் உயரமான நடுக்கூடமுமாக, ஜெர்மானியர்கள் கட்டினார்கள் என்று சொல்லாமலே தெரிகிறது. இங்கே வழிகாட்டி ஒரு நல்ல தகவலைச் சொன்னார். அதானாவுக்கு ரயிலை முதலில் கொண்டுவந்தவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர். மெர்சின் துறைமுகத்திலிருந்து அதானா வரை 67 கிலோமீட்டர் பாதை 1886-லேயே பிரிட்டிஷ், பிரெஞ்சு முதலீட்டில் வந்துவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பாதையின் பங்குகள் ஜெர்மானியர் கைக்குப் போயின. பருத்தி விளையும் சமவெளியையும் துறைமுகத்தையும் இணைக்கும் பாதை யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் கைக்கு அந்த வட்டாரத்தின் வியாபாரமும் வந்துவிடும் என்பது அன்றைய தூதரகங்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்த கணக்கு.

அங்கிருந்து கராய்சாலி வழியாக ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஹாஜிகிரி கிராமம். ஊரைத் தாண்டி ஒரு வளைவில் வண்டி திரும்பியதும் பள்ளத்தாக்கின் குறுக்கே வார்டா பாலம் நிற்கிறது. உள்ளூர்க்காரர்கள் ‘ஜெர்மன் பாலம்’ என்கிறார்கள். 172 மீட்டர் நீளம், அடிப் பள்ளத்திலிருந்து 98 மீட்டர் உயரம். 1912-இல் முடிந்த இந்தப் பாலத்தின் மேல் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரிட்டிஷ் உளவாளிப் படத்தின் சண்டைக் காட்சியை இங்கே எடுத்தார்களாம். எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வந்திருந்தார்கள், வழிகாட்டியும் அந்தக் கதைக்குக் கால் மணி நேரம் கொடுத்தார். நான் அந்தக் கால் மணி நேரத்தில் எதிர்ச்சரிவில் இறங்கித் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சதுரமாகச் செதுக்கிய கற்கள், இடையில் பூச்சு மெல்லிய கோடாக ஓடுகிறது; பாலம் நேராக இல்லாமல் மெல்ல வளைகிறது, வளைவின் வெளிப்புறத் தண்டவாளம் உட்புறத்தைவிடச் சற்று உயர்ந்திருப்பது கீழே நின்றாலே தெரிகிறது. நாங்கள் நின்றிருந்தபோது ஒரு சரக்கு வண்டி வந்தது. சுரங்கத்தின் வாயிலிருந்து முதலில் சத்தம் வந்தது, அதன் பின்னால் எஞ்சின் வந்தது, வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தை உரசும் அந்தக் கிறீச்சொலி பள்ளத்தாக்கு முழுக்க நிரம்பியது. என் வேலைக் காலம் முழுவதும் கேட்ட ஒலிதான். ஆனால் இவ்வளவு உயரத்திலிருந்து அது தலைமேல் இறங்கியபோது நான் தொப்பியைப் பிடித்துக்கொண்டேன். சுற்றுலாவின் கட்டணத்தில் பெரும் பங்கு இந்த ஒரு நிமிடத்திலேயே வசூலாகிவிட்டது என்று எழுதினால் மிகையில்லை.

இங்கேதான் என் முதல் கேள்வியைக் கேட்டேன். பாக்தாதுக்குப் போக வேண்டிய பாதை ஏன் இந்த மலையைக் குடைந்துகொண்டு வந்தது? வழிகாட்டி ‘ஜெர்மானியப் பொறியாளர்கள் சவாலை விரும்பினார்கள்’ என்றார். எந்தப் பொறியாளரும் 98 மீட்டர் பள்ளத்தை விரும்பித் தேட மாட்டார். 1888-இல் ஜெர்மனியின் டாய்ச்சே வங்கியைச் சேர்ந்த கியோர்க் வான் சீமென்ஸ் முன்னின்று, அன்று துருக்கியை ஆண்ட உதுமானியப் பேரரசின் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதிடம் உரிமை பெற்றுக் கட்டிய முதல் பாதை, 1892-இல் அங்காராவை அடைந்துவிட்டது. அங்கிருந்து சிவாஸ் வழியாகக் கிழக்கே நீட்டிக் கீழிறங்குவது ஒரு வழி. அந்த வழி ரஷ்யாவின் காக்கசஸ் எல்லைக்கு நெருக்கமாகப் போகும். உதுமானியப் படைகளை அந்த எல்லைக்குச் சில நாளில் கொண்டுவந்து இறக்கிவிடும். ரஷ்யா விடவில்லை. 1900-இல் சுல்தானிடம் ஓர் ஒப்பந்தமே வாங்கியது: கருங்கடலை ஒட்டிய வட அனத்தோலியாவில் (அனத்தோலியா என்பது துருக்கியின் ஆசியப் பகுதி) வேறு எந்த அந்நியருக்கும் ரயில் உரிமை தரக் கூடாது. ஆகவே பாதை, 1896-இல் ஏற்கெனவே ரயில் எட்டியிருந்த தெற்குக் கிளையின் கடைசி நிலையமான கோன்யாவிலிருந்து நீண்டது. நீண்டதால் டாரஸ் மலை குறுக்கே வந்தது. நாங்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த தூண்களை நிற்க வைத்ததில் அன்றைய ரஷ்யத் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அச்சத்துக்கும் பங்கு உண்டு. இந்தச் செய்தி கையேட்டில் ஒரு வரியாகக்கூட இல்லை.

கடலோரத்தைத் தவிர்த்த கதையை மட்டும் வழிகாட்டி மிக நன்றாகச் சொன்னார் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். டாரஸைத் தாண்டி அதானா சமவெளியில் இறங்கிய பாதை, அடுத்ததாக அமானுஸ் மலையை எதிர்கொள்கிறது. மலையைச் சுற்றி இஸ்கெந்தெருன் வளைகுடா ஓரமாகப் போனால் செலவு குறைவு. ஆனால் கடலோரப் பாதை பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் கிடக்கும் என்று உதுமானியப் படைத்தலைமை மறுத்துவிட்டதால் முதன்மைப் பாதை அமானுஸையும் குடைய வேண்டியதாயிற்று. துறைமுகத்துக்கு 1913-இல் ஒரு கிளைப்பாதை மட்டும் போயிற்று. அவர்கள் அஞ்சியது வீண் அச்சம் அல்ல என்பதற்கு 1914 டிசம்பரில் நடந்ததைச் சொன்னார். டோரிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வளைகுடாவுக்குள் வந்து, ரயில் எஞ்சின்களை அழித்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஊரைச் சுடுவோம் என்று மிரட்டியது. உதுமானிய அதிகாரிகள் இசைந்தார்கள். ஆனால் எஞ்சினைத் தகர்க்க ஆள் இல்லை. பிரிட்டிஷ் அதிகாரி தகர்த்தால் மானம் போய்விடும். கடைசியில் அந்தக் கப்பலின் டார்பிடோ அதிகாரியை அந்த ஒரு நாளுக்குத் துருக்கியக் கடற்படை அதிகாரியாக நியமித்துக்கொண்டு, அவர் கையாலேயே எஞ்சின்களை வெடிக்க வைத்தார்கள். வண்டியில் இருந்த எல்லோரும் சிரித்தோம். இப்படிச் சொல்லத் தெரிந்த இளைஞரிடம் மற்ற கதைகளையும் யாராவது கொடுத்திருக்கலாம் என்ற ஆதங்கம் அப்போதுதான் எனக்கு வந்தது.

பணத்தைப் பற்றி நாள் முழுக்க ஒரு வார்த்தையும் இல்லை. என் கணக்கில் அதுவே இந்தச் சுற்றுலாவின் பெரிய ஓட்டை. 1903 மார்ச்சில் கையெழுத்தான பாக்தாத் ரயில் ஒப்பந்தத்தின் உயிர், கிலோமீட்டர் உத்தரவாதம் என்ற ஏற்பாட்டில் இருந்தது. கட்டி முடித்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கடன் பத்திரத்தின் தவணையாக ஆண்டுக்கு 11,000 பிராங்க் உதுமானிய அரசு பொறுப்பு. அதற்கு மேல் வண்டி ஓட்டும் செலவுக்குக் கிலோமீட்டருக்கு 4,500 பிராங்க் வருமானம் வராவிட்டால் குறையும் தொகையையும் அரசே ஈடுகட்டும். முதல் கட்டமான 200 கிலோமீட்டருக்கு மட்டும் தவணை ஆண்டுக்கு 22 இலட்சம் பிராங்க். இதற்கு ஈடாகக் கோன்யா, அலெப்போ, உர்ஃபா மாவட்டங்களில் குடியானவர்கள் விளைச்சலில் செலுத்தும் பத்தில் ஒரு பங்கு வரி அடகு வைக்கப்பட்டது. பாதையின் இருபுறமும் 20 கிலோமீட்டர் வரை கனிமம் எடுக்கும் உரிமையும் நிறுவனத்துக்கே. மொசூல் பக்கம் எண்ணெய் கசிகிற மண்ணுக்குள் பாதை போகப்போகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த 20 கிலோமீட்டரின் எடை புரியும்.

அந்த முதல் 200 கிலோமீட்டர், கோன்யாவிலிருந்து சமவெளியில் ஓடி 1904 அக்டோபரில் புல்குர்லு என்ற இடத்தில் நின்றுவிட்டது. சமதளம் என்பதால் கட்டுமானச் செலவு பத்திரத் தொகையைவிடக் குறைவாகவே வந்து நிறுவனத்துக்கு இலாபம் மிஞ்சியது. எதிரே டாரஸ் மலை தொடங்கியதும் பாதை நின்றது. ஐந்து ஆண்டுகளுக்கு அங்கிருந்து நகரவில்லை. மலைச் செலவுக்கு உதுமானியரிடம் புதிதாக அடகு வைக்க வருமானம் வேண்டும். வருமானத்துக்குச் சுங்க வரியை உயர்த்த வேண்டும். சுங்கத்தை உயர்த்தப் பிரிட்டன் உள்ளிட்ட வல்லரசுகளின் சம்மதம் வேண்டும். டாய்ச்சே வங்கி தனியாக இந்தச் சுமையைத் தூக்க விரும்பியதே இல்லை. பிரெஞ்சு, பிரிட்டிஷ் மூலதனத்தைக் கூடச் சேர்த்துக்கொள்ளத் தொடக்கத்திலிருந்தே முயன்றது. 1903 ஏப்ரலில் லண்டனில் பேச்சு ஏறத்தாழ முடிந்திருந்த நிலையில், பத்திரிகைகள் கிளப்பிய ஜெர்மன் எதிர்ப்பில் பிரிட்டிஷ் பிரதமர் பால்ஃபரின் அரசு பின்வாங்கியது. பாரிஸில் வங்கியாளர்கள் தயாராக இருந்தும் பங்குச் சந்தையில் பத்திரங்களைப் பட்டியலிட அரசு அனுமதிக்கவில்லை. ஒரு பாதை போட ஆறு தலைநகரங்களில் கையெழுத்துக் காத்திருந்தது என்பதை நினைத்தால், என் பழைய அலுவலகத்தில் ஒரு லெவல் கிராஸிங் கோப்பு சுற்றிய சுற்று ஒன்றும் பெரிதில்லை.

பாலத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். கல்லடுப்பில் பெரிய இரும்புத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு பாட்டியம்மா மெல்லிய ரொட்டி சுட்டு அதில் பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்துச் சுருட்டித் தந்தார். அந்த நாளில் நாங்கள் சாப்பிட்டவற்றில் அதுவே உருப்படி. அங்கே உட்கார்ந்துதான் வழிகாட்டியிடம் குவைத்தைப் பற்றிக் கேட்டேன். பாக்தாத் ரயிலுக்கும் குவைத்துக்கும் என்ன தொடர்பு என்று அவர் திருப்பிக் கேட்டார்.

தொடர்பு இதுதான். ரயிலின் கடைசி நிலையம் பாக்தாத் என்று யாரும் நம்பவில்லை. பாரசீக வளைகுடாவில் ஒரு துறைமுகத்தை எட்டினால்தான் ஐரோப்பாவிலிருந்து இந்தியக் கடல் வரை ஒரே வழி கிடைக்கும். 1900 தொடக்கத்தில் ஜெர்மன் தூதரக அதிகாரி ஒருவரின் தலைமையில் ஒரு குழு குவைத்துக்கு வந்து ஷேக் முபாரக்கிடம் நிலம் கேட்டது. ஷேக் கையை விரித்துவிட்டார். ஓராண்டுக்கு முன்பே, 1899 ஜனவரி 23 அன்று, பிரிட்டனின் அனுமதியின்றித் தன் மண்ணில் ஒரு துண்டையும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று இரகசியமாக எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு விலை 15,000 ரூபாய். பவுண்டு அல்ல, நம் ரூபாய். அன்றைக்கு வளைகுடா விவகாரங்களைக் கல்கத்தாவில் இருந்த இந்திய அரசுதான் நடத்தியது, கர்சன் பிரபு அப்போதுதான் வைஸ்ராயாகப் பொறுப்பேற்றிருந்தார். 1903 மே மாதம் வெளியுறவு அமைச்சர் லான்ஸ்டவுன் பிரபு, வளைகுடாவில் வேறொரு நாடு கடற்படைத் தளமோ அரண் செய்த துறைமுகமோ அமைத்தால் பிரிட்டன் எல்லா வழியிலும் எதிர்க்கும் என்று பிரபுக்கள் அவையில் அறிவித்தார். அப்போது பாதை புல்குர்லுவைக்கூட எட்டவில்லை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னும் தண்டவாளம் போடாத ஊருக்காக, அதுவும் இந்தியாவின் கஜானாவிலிருந்து, கதவை முன்கூட்டியே அடைத்துவிட்டார்கள்.

இப்போது அந்த விளம்பர வரிக்கு வருகிறேன். பாலத்தின் மேற்புறப் பார்வை மேடையில் நின்று வழிகாட்டி, ‘இந்த ரயில் இல்லாவிட்டால் 1914 போர் வந்திருக்காது’ என்று முடித்தார். கேட்க நன்றாக இருக்கிறது. பலரும் பல காலமாகச் சொல்வதுதான். ஆனால் ஆவணங்களின் தேதிகள் வேறு கதை சொல்கின்றன. 1910 நவம்பரில் பாட்ஸ்டாமில் ரஷ்யப் பேரரசர் ஜாரும் ஜெர்மானியப் பேரரசர் கெய்சரும் சந்தித்தார்கள். 1911 ஆகஸ்டில் கையெழுத்தான உடன்பாட்டில் ரஷ்யா தன் எதிர்ப்பைக் கைவிட்டது, பதிலுக்கு வட பாரசீகம் ரஷ்யாவின் செல்வாக்குக்கு உட்பட்டது என்று ஜெர்மனி ஏற்றது. அதே 1911-இல் பாக்தாதுக்குக் கீழே பாதை போடும் தனியுரிமையை ஜெர்மானிய நிறுவனம் விட்டுக்கொடுத்தது. 1913 ஜூலையில் பிரிட்டனும் உதுமானிய அரசும் குவைத்தைப் பற்றியும் பாதை பஸ்ராவோடு நிற்பதைப் பற்றியும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. 1914 பிப்ரவரியில் பிரான்ஸும் ஜெர்மனியும், சிரியாவும் வட அனத்தோலியாவும் பிரான்ஸுக்கு, பாக்தாத் பாதை ஜெர்மனிக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டன. கடைசியாக 1914 ஜூன் 15 அன்று லண்டனில் பிரிட்டனும் ஜெர்மனியும் உடன்பாட்டில் சுருக்கொப்பம் இட்டன: நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இரண்டு பிரிட்டிஷ்காரர்கள், பஸ்ராவுக்குக் கீழே பிரிட்டனின் சம்மதமின்றிப் பாதை இல்லை, பாக்தாத் வரை ஜெர்மானியருக்குத் தடையும் இல்லை. பதினைந்து ஆண்டுத் தகராறு தீர்ந்தது. பதின்மூன்றாம் நாள் சராயேவோவில் இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட் சுடப்பட்டார்.

ரயிலுக்கும் போருக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பதினைந்து ஆண்டுகள் ஒருவரையொருவர் சந்தேகித்த பழக்கம் ஓர் உடன்பாட்டில் அழிந்துவிடாது. இஸ்தான்புல்லில் ஜெர்மனிக்கு இருந்த செல்வாக்கு, 1898-இல் கெய்சர் டமாஸ்கஸில் சலாவுதீன் கல்லறைக்குப் போய் 30 கோடி முஸ்லிம்களின் நண்பன் என்று பேசிய பேச்சு, அதற்கு அடுத்த ஆண்டே கிடைத்த ரயில் உரிமை, இவையெல்லாம் 1914 இறுதியில் உதுமானியப் பேரரசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்குக் காரணங்களில் அடங்கும். ஆனால் மூட்டியது என்பது வேறு, எண்ணெய் ஊற்றியது என்பது வேறு. இந்த விவகாரத்தைப் போர் வருவதற்குள் மேஜையில் உட்கார்ந்தே தீர்த்துவிட்டார்கள் என்பதுதான் இந்த ரயிலின் கதையில் எனக்கு மிகவும் வியப்பான பகுதி. காசு கொடுத்து வருகிறவர்களுக்கு அதைச் சொல்லாமல், தவறான பகுதியைச் சொல்லி அனுப்புகிறார்கள். ஜூன் 15 என்ற தேதியை நான் சொன்னபோது வழிகாட்டி வாதிடவில்லை. என் குறிப்பேட்டின் பக்கத்தைத் தம் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பணிவுக்காக அவருக்குத் தனியாக ஒரு மதிப்பெண் தரலாம்.

மதிய உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போசான்தியில் சாலையோர உணவகம்; அதானா கபாப், சுட்ட மிளகாய், கருப்புக் கேரட்டைப் புளிக்க வைத்த ஷல்காம் பானம். இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்குக் குறையே இருக்காது. என் மனைவி சைவம் என்று முன்பதிவிலேயே எழுதியிருந்தும் ரொட்டி, தயிர், வெங்காயச் சாலட் மூன்றோடு ஒப்பேற்ற வேண்டியதாயிற்று.

பிற்பகல் பெலெமெதிக். சக்கிட் ஆற்றங்கரையில் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் இந்த ஊரில்தான் சுரங்கம் வெட்டியவர்களின் முகாம் இருந்தது. மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு சிறிய ஜெர்மானிய ஊராகவே வாழ்ந்தார்களாம். இன்று கூரையில்லாத கற்சுவர்கள், உள்ளே அத்திச் செடிகள். இடம் அழகாக இருக்கிறது, நிழல் இருக்கிறது, கழிப்பறையும் சுத்தமாக இருந்தது. வழிகாட்டி பொறியாளர்களின் வாழ்க்கையைச் சொன்னார். வெட்டியவர்களைப் பற்றி ஒரே வரியில் ‘பல நாட்டுத் தொழிலாளர்கள்’ என்று கடந்துவிட்டார்.

அந்தப் பல நாட்டார் யார் என்பதைச் சொல்லாமல் பெலெமெதிக்கைக் காட்டக் கூடாது. டார்டனெல்ஸ் நீர்வழிக்குள் புகுந்து 1915 ஏப்ரல் இறுதியில் மூழ்கடிக்கப்பட்ட ஆஸ்திரேலிய நீர்மூழ்கிக் கப்பலின் மாலுமிகள் இங்கே கைதிகளாக வேலை செய்தார்கள். கிழக்கே அமானுஸ் சுரங்கங்களில் ஆர்மீனியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள்; இவர்கள் இல்லாமல் வேலை நடக்காது என்று ரயில் பொறியாளர்கள் சொல்லிக் கொஞ்ச காலம் காப்பாற்றி வைத்திருந்தவர்களை 1916 கோடையில் உதுமானிய அதிகாரிகள் கொண்டுபோய்விட்டார்கள், மிகப் பலர் கொல்லப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஆர்மீனியக் குடும்பங்களைச் சிரியப் பாலைவனத்தை நோக்கி விரட்டியபோது இதே நிறுவனத்தின் சரக்குப் பெட்டிகளிலும் அடைத்து ஏற்றினார்கள். ஆர்மீனியர்கள் போன இடத்துக்கு, 1916 ஏப்ரலில் இன்றைய ஈராக்கின் கூத்-அல்-அமாராவில் சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியப் படையின் கைதிகள் வந்தார்கள். சரணடைந்த ஏறத்தாழ 13,000 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் பலரை இன்றைய சிரியாவின் வட எல்லையில் உள்ள ராஸ் அல் ஐனில் பாதை போடும் வேலையில் இறக்கினார்கள். வளைகுடாவை எட்டக் கூடாது என்று இந்தியப் பணத்தைக் கொடுத்துத் தடுத்த பாதையை, இந்தியச் சிப்பாய்கள் கைதிகளாக நின்று போட்டார்கள். அனத்தோலியாவில் இறந்த பிரிட்டிஷ் தரப்புக் கைதிகளின் எச்சங்களைப் போருக்குப் பின் தோண்டியெடுத்து பாக்தாத் வடக்கு வாசல் போர்க் கல்லறையில் சேர்த்தார்கள். உள்ளூர் அரசியலில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்ற சங்கடம் அந்த இளைஞருக்கு இருக்கும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் கைதிகளைப் பற்றிப் பேசவுமா சங்கடம்?

நம்மவர்கள் யாராவது போனால் இந்த இடத்தில் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளலாம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு வீசித் தாக்கி, தமிழில் ஒரு சொல்லையே விட்டுச் சென்ற எம்டன் கப்பல், அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவருகே அழிந்தது. அப்போது கரையிறங்கியிருந்ததால் தப்பிய சுமார் ஐம்பது பேர், துணைத்தலைவர் ஹெல்முத் வான் மூக்கேயின் தலைமையில் ஒரு பழைய பாய்மரக் கப்பலைப் பிடித்துக் கிளம்பி, கப்பல் மாறி அரேபியாவில் இறங்கி, பாலைவனத்தில் சண்டையிட்டு, ஹெஜாஸ் ரயிலில் டமாஸ்கஸ் வந்து, அலெப்போ வழியாக இந்த டாரஸ் மலையைக் கடந்து, 1915 மே மாதம் இஸ்தான்புல்லின் ஹைதர்பாஷா நிலையத்தில் இறங்கினார்கள். சரியான எம்டன்கள்தான்.

அவர்கள் கடந்தபோது இந்தச் சுரங்கங்கள் முடிந்திருக்கவில்லை. போர் முழுவதும் பாலஸ்தீனத்துக்கும் மெசபடோமியாவுக்கும் போன பீரங்கியும் தானியமும் டாரஸின் ஒரு பக்கம் இறக்கப்பட்டு, மலைப்பாதையில் ஏற்றப்பட்டு, மறுபக்கம் மீண்டும் ரயிலில் ஏற்றப்பட்டன. பிற்பாடு குறுகிய தண்டவாளம் கொஞ்சம் உதவியது. முழு அகலப் பாதையில் முதல் வண்டி டாரஸ் சுரங்கங்களைக் கடந்தது 1918 அக்டோபர் 9 அன்று. மூன்று வாரம் கழித்து அக்டோபர் 30 அன்று முத்ரோஸில் உதுமானியர்கள் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் பத்தாவது பிரிவு, டாரஸ் சுரங்கங்களை நேச நாட்டுப் படைகள் எடுத்துக்கொள்ளும் என்கிறது. இஸ்தான்புல்லுக்கும் பாக்தாதுக்கும் இடையே இடைவெளி இல்லாமல் வண்டி ஓடியது 1940-இல்தான். அதற்குள் அது பேரரசுகள் போட்டியிட்ட பாதையாக இருந்து முடிந்து, சிரியாவுக்கும் துருக்கிக்கும் எல்லைக் கோடாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிடந்தது.

கையேட்டைப் பற்றி: எட்டுப் பக்கம், வழவழப்பான தாள், நல்ல படங்கள். ஆனால் பெர்லினிலிருந்து பாக்தாத் வரை 1914-இல் வண்டி ஓடியதைப் போல ஒரு சிவப்புக் கோடு போட்ட வரைபடம் நடுப்பக்கத்தில் இருக்கிறது. எந்தெந்த ஆண்டில் எந்தெந்தத் துண்டு முடிந்தது என்று நிறம் பிரித்துக் காட்டும் ஒரு வரைபடம் இருந்தால், இப்போது வழிகாட்டி மூச்சுப் பிடித்துச் சொல்வதில் பாதியை அந்தப் படமே சொல்லிவிடும்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் நல்லவை. கோடையில் அந்தப் பள்ளத்தாக்கு அடுப்பாகிவிடும். பாலத்தின் எதிர்ச்சரிவில் இறங்கச் சறுக்காத காலணி வேண்டும். பாலத்தின் மேல் நடந்து படம் எடுக்கச் சிலர் முயன்றார்கள். வண்டி ஓடும் பாதை அது, ஒதுங்க இடமும் கிடையாது, யாரும் அதைச் செய்ய வேண்டாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் கிராமத்துப் பாட்டியம்மாவிடம் இரண்டு ரொட்டி கூடுதலாகச் சுருட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நலம்.

மாலையில் கருத்துப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். தேதிகளையும் கைதிகளையும் வரைபடத்தையும் பற்றி ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தேன். கீழே மிச்சமிருந்த இடத்தில் சைவ உணவைப் பற்றி என் மனைவி ஒரு வரி சேர்த்தார். மூன்று மாதம் கழித்து அவர்களுடைய இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். ‘முதல் உலகப் போரை மூட்டிய ரயில்’ அப்படியே முதல் வரியில் இருக்கிறது. மதிய உணவுப் பட்டியலில் கத்திரிக்காய்க் கூட்டும் பருப்பு சூப்பும் சேர்ந்திருக்கின்றன.